அனுமதி வேண்டாத பத்தி

சுலோஜனா சூடை மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எதில் தலை இருக்கிறது, எதில் இல்லை என்று விரல்தான் சொல்ல வேண்டும். குசினிக்கு யன்னல் இல்லை. அடுப்புப் புகையில் கண் தெரியாது. மடியில் கிடந்த பிள்ளை இருமி இருமிச் சிணுங்கியது.

அந்த நேரம் பார்த்துப் புருசன் துவாரகன் வந்து நின்றான். துறைமுக வாசலில் காவல் வேலை. லொறிகளை மறிக்கிற அதிகாரத்தைக் கழற்றி வைக்காமலே வீட்டுக்கு வருகிறவன்.

"சுலோ, முடிவெடுத்திட்டன். பின்னால ஒரு பத்தி இறக்கப் போறன். நாலு தூண், மேல தகரம். ஞாயிறில கரம்போட்டில காய் அடிக்க."

"அப்ப நான் கேட்ட யன்னல்?"

"எத்தினை தரம் சொல்லுறது? யன்னலெண்டால் சுவரை உடைக்க வேணும். சுவரைத் தொட்டால் நகரசபையில அனுமதி எடுக்க வேணும். பத்திக்குச் சுவர் இல்லை. அனுமதியும் வேண்டாம்."

"ஆர் சொன்னது?"

"அஞ்சலோ."

அஞ்சலோ அவனோடு வாசல் காக்கிறவன். சட்டம் படித்தது அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் கடலை விற்ற காலத்தில்.

"கோழிக்கூட்டுக்கு வேண்டாம், பத்திக்கு வேண்டாம். பிள்ளை இருமுற புகை வெளியில போறதுக்கு மட்டும் வேணுமாக்கும். நல்ல சட்டம்!" என்றாள் சுலோஜனா, மீனிடம்.

பத்தி எழும்பியது. கடற்காற்று நாலு பக்கத்தாலும் உள்ளே அள்ளி வீசியது. நடுவில் கரம்போட், சுற்றிவரக் கதிரை. ஞாயிறு காலை துவாரகன் உட்காரப் போனான்.

"பால் காய்ச்சாமலே இருக்கப் போறியளோ?"

"தகரத்துக்கு ஏன் பால்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையப்பா. மோட்டச்சைக்கிளுக்கும் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்க வேண்டாமெண்டுதானே எடுத்தனீங்கள்."

அந்தச் சைக்கிள் எடுத்த மறுநாளே அவனையும் கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. துவாரகன் முழங்காலைத் தடவினான்.

"சரி, அடுப்பைக் கொண்டா."

"என்னாலை தூக்க ஏலாது."

அவனே தூக்கினான். அஞ்சலோ விறகு சுமந்தான். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. அதே அடுப்பில் சோறு, அதே அடுப்பில் மீன்குழம்பு. இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார்கள். பின்னேரம் துவாரகன் அடுப்பைத் திருப்பித் தூக்கக் குனிந்தான்.

"ஐயோ, தொடாதேங்கோ! பால் பொங்கின அடுப்பைக் கிளப்பினால் வீட்டு ஆம்பிளைக்குக் கூடாதாம்!"

"ஆர் சொன்னது?"

"அம்மா."

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. சுலோஜனாவுக்கு அது அந்த நிமிடம்தான் வாயில் வந்தது.

அடுப்பு நின்றது. அடுப்புக்குத் துணையாகச் சட்டி வந்தது. சட்டியைத் தேடித் தேங்காய்த் திருவலை வந்தது. பிறகு தூணுக்குத் தூண் கயிறு கட்டிப் பிள்ளையின் ஏணை வந்தது. பிள்ளை இருமாமல் நித்திரை கொண்டது. கரம்போட்டில் மோர்மிளகாய் காய்ந்தது.

"இது என்ர பத்தி!" என்று துவாரகன் கத்தினான்.

"ஓம், உங்கட பத்திதான். ஆர் இல்லையெண்டது? மிளகாயைத் தட்டிப் போடாதேங்கோ."

அடுத்த ஞாயிறு அவன் மிளகாயைக் கொட்டிவிட்டு, கரம்போட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பழைய குசினிக்குள் குடிபோனான். பின்னால் அஞ்சலோ. ஒரு ஆட்டம்கூட முடியவில்லை, உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"சுலோ! இதுக்குள்ள மனிசன் இருக்க ஏலாது! அவியுது! கறுத்தக் காய் எது, வெள்ளைக் காய் எதெண்டு தெரியேல்லை. இதுக்கொரு யன்னல் வைக்க வேணும்!"

பத்தியில் காற்று வாங்கிக்கொண்டு சூடைக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த சுலோஜனா வாய் திறக்க முதல், வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டு இராசமலர் கூப்பிட்டாள். "சுலோ! குழாயில தண்ணி வந்திட்டுது, குடத்தோட ஓடி வா!"

"இந்தா வாறன் அக்கா!" என்று ஈரக் கையோடு எழும்பியவள், குசினிப் பக்கம் திரும்பி, "யன்னலோ? சுவரைத் தொடுறதெண்டால் நகரசபையில அனுமதி எடுக்க வேணுமேயப்பா! நம்பாட்டில் பக்கத்தில இருக்கிற அஞ்சலோ அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ!" என்றுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.