நல்லாக் கேக்குது, டாக்டர்!

சிறப்பு மருத்துவர்களின் அறைகளில் ஒரு வகை உயிரினம் வசிக்கிறது. மருத்துவரின் இடது தோளுக்குப் பின்னால், சுவருக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே, வெள்ளைக் கோட்டின் மடிப்புக் கலையாமல் நின்றபடியே வாழும். உட்கார நாற்காலி கொடுத்தாலும் உட்காராது. கடிக்காது. "கேக்குதா?" என்று கேட்டால் மட்டும், "கேக்குது, டாக்டர்" என்று ஒலி எழுப்பித் தலையை ஆட்டும். இதற்கு 'கேக்குது' இனம் என்று பெயர் வைப்போம்.

நீங்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. உங்கள் நெஞ்சில் டாக்டர் குழாயை வைத்தபோது, பின்னால் நின்ற ஒரு முகம் ஏதோ துக்கச் செய்தி வந்ததுபோல் கண்ணைச் சுருக்கியதே, அதேதான்.

நம்முடைய கேக்குது, இதய நோய்ப் பிரிவில் பெரிய டாக்டரம்மாவின் கூடவே இருந்து பார்த்துப் பழகுவதற்காக அனுப்பப்பட்டவன். நல்ல பிள்ளை. "நான் மாணவன், இங்கே இருக்கலாமா?" என்று நோயாளியிடம் கேட்காமல் ஒரு நாளும் அறைக்குள் நின்றதில்லை. கையைக் கழுவிக் கழுவி விரல்நுனியெல்லாம் ஊறிப்போயிருக்கும். ஒருவருடைய நோயை மாடிப்படியில் நின்று இன்னொருவரிடம் பேசமாட்டான். படிப்பு முடிந்ததும் இதே பிரிவில், இதே டாக்டரம்மாவிடம் சேர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. இத்தனை ஒழுக்கத்துக்கு நடுவே ஒரே ஒரு கோளாறு. இதயத்தின் முணுமுணுப்பு அவன் காதில் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

இதயத்தின் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னால் கசியும். அப்போது லப்-டப் முடிந்த கையோடு மெல்லிய மூச்சுப்போல ஒரு சத்தம் வரும். அதைத்தான் முணுமுணுப்பு என்கிறார்கள். முதல் வாரம் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு தடவை கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. முதலில் நின்றவன் "கேக்குது" என்றான். அடுத்தவள் "நல்லாவே கேக்குது" என்றாள். அதற்கடுத்தவன் கண்ணை மூடி, உருகி, "ஆஹா" என்றான். கடைசியில் நின்ற நம்மவனுக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறியின் கிரீச்சும், காலையில் சாப்பிடாத அவனுடைய வயிறும்தான். அத்தனை பேருக்கும் கேட்டது தனக்கு மட்டும் கேட்கவில்லை என்று எந்த மானமுள்ள மனிதன் சொல்வான்?

"கேக்குது, டாக்டர்."

அன்று பிடித்த ஆட்டம். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனி அறைக்குப் போன பின்பும் அவன் அதை விடவில்லை. விடவில்லை என்பதோடு, மெருகும் ஏற்றிக்கொண்டான். லேசான நோய்க்கு ஒரு சின்னத் தலையாட்டல். கடுமையான நோய்க்கு மெதுவாக, தாடை நெஞ்சைத் தொடும்வரை. டாக்டரே சந்தேகமாகப் பேசினால் தலையைச் சற்றே சாய்த்து, ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு நடுவாந்தர ஆட்டு. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியதாகவும் கேள்வி.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு தலைமையாசிரியை கணவருடன் வந்து சேர்ந்தார்.

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் என்றார். டாக்டரம்மா குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நகர்ந்து மாணவனுக்கு இடம் விட்டார்.

"கேக்குதா?"

லப்-டப். கிரீச். லப்-டப்.

"நல்லாக் கேக்குது, டாக்டர்." தாடை நெஞ்சைத் தொட்டது.

"வால்வு கசியுற மாதிரி இருக்கும்மா. இன்னைக்கே ஒரு ஸ்கேன் எடுத்துரலாம். தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"ஸ்கேன்ல ஆரம்பிச்சு ஆபரேஷன்ல முடிப்பீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. படி ஏறினா யாருக்குத்தான் மூச்சு வாங்கல?"

"எடுத்துப் பாத்துருவோமே" என்று ஆரம்பித்த கணவர், மனைவி திரும்பிப் பார்த்ததும், "வேண்டாம்னாலும் சரிதான்" என்று முடித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து கூப்பிட, டாக்டரம்மா எழுந்து போனார். கதவு சாத்திய மறுகணம் தலைமையாசிரியை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இங்க வாப்பா. ஸ்கூல்ல ஒரு சண்டைன்னா நான் ரெண்டு பசங்களையும் தனித்தனியாத்தான் விசாரிப்பேன். உங்க டாக்டர் சொன்னதக் கேட்டாச்சு. இப்ப நீ சொல்லு. உனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"அதெல்லாம் டாக்டர்கிட்ட..."

"டாக்டருக்குக் கேட்டது டாக்டருக்கு. உனக்குக் கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, மறுபேச்சு இல்லாம ஸ்கேனுக்குப் போறேன். இதுல உனக்கு லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. நீ எதுக்குப் பொய் சொல்லப் போற?"

வாயில் 'கேட்டுச்சு' தயாராக உட்கார்ந்திருந்தது. எத்தனை நாள் பழகிய சொல்! அதைச் சொன்னால் அந்த அம்மாவுக்கும் நல்லது, டாக்டருக்கும் நல்லது, தனக்கும் நல்லது. ஊருக்கே நன்மை செய்யும் பொய்யைச் சொல்ல எதற்கு யோசனை? ஆனால் அந்த அம்மா அவனை அத்தனை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். 'எதுக்குப் பொய் சொல்லப் போற' என்ற கடைசி வார்த்தை மட்டும் அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. கழுத்து ஆட மறுத்தது.

"எனக்குக் கேக்கலைங்கம்மா."

"பாத்தீங்களா!" தலைமையாசிரியை துள்ளி எழுந்தார். "என்னங்க, பைய எடுங்க. கிளம்பலாம்."

பயல் நடுங்கிப்போனான். பொய் சொன்ன நாளெல்லாம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உண்மை பேசிய முதல் நாளே ஒரு நோயாளி கைப்பையோடு கிளம்புகிறார்! ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றான்.

"அம்மா, இருங்கம்மா! எனக்குக் கேக்கலைன்னா சத்தம் இல்லைன்னு அர்த்தமில்ல. எனக்கு எதுவுமே கேட்டதில்ல! இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும்!"

சாத்தியிருந்த கதவு பின்னாலிருந்து அவனைத் தள்ளியது. டாக்டரம்மா நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். இதே பிரிவில் சேரும் ஆசை அந்தக் கதவிடுக்கில் நசுங்குவதை அவன் கண்ணாரக் கண்டான்.

"அப்ப இத்தனை நாளா என்ன கேட்டுச்சு?"

"ஃபேன், டாக்டர்."

டாக்டரம்மா அவனையும் பார்த்தார், மின்விசிறியையும் பார்த்தார். "ஃபேன் சத்தத்துக்கு இவ்வளவு பக்தியாத் தலையாட்டின ஆள நான் பாத்ததில்லப்பா. நீ ஆட்டினதால நானும் அடுத்த ஆளுக்குப் போயிட்டேன். கேக்கலைன்னு சொல்லியிருந்தா திரும்ப வச்சுக் காட்டியிருப்பேனே." பிறகு கையை நீட்டி விசிறியை நிறுத்தினார். "அம்மா, இன்னொரு தடவை தொந்தரவு பண்ணலாமா? முன்னால குனிஞ்சு, மூச்ச வெளிய விட்டு, அப்படியே பிடிச்சுக்கங்க."

அவன் குழாயை வைத்தான். லப்-டப். லப்-டப். அப்புறம், டப்புக்குப் பின்னால், யாரோ மெல்லப் பெருமூச்சு விட்டார்கள்.

தலையை ஆட்ட மறந்துவிட்டான். "டாக்டர்... இருக்கு" என்றான்.

அந்த முகத்தைப் பார்த்த தலைமையாசிரியைக்குக் கிளம்பும் அவசரம் போயிற்று. "கொண்டா அத" என்று குழாயை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். குனிந்தார். மூச்சை விட்டார். அப்படியே பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா அது, என்னைக் கேக்காம எனக்குள்ள பெருமூச்சு விடறது?" என்றார் கடைசியில். "சரி. ஸ்கேன் ரூம் எங்க இருக்கு?"

"நீங்களும் ஒரு தடவை கேக்கறீங்களா சார்?" என்று டாக்டரம்மா குழாயைக் கணவரிடம் கொடுத்தார். அவர் பயபக்தியோடு வாங்கிக் காதில் செருகினார். கண்ணைச் சுருக்கினார். தாடை மெதுவாக நெஞ்சைத் தொட்டது.

"கேக்குது, டாக்டர். தெளிவாக் கேக்குது."

குழாயின் மறுமுனை அப்போது டாக்டரம்மாவின் கையில் இருந்தது.

தலைமையாசிரியை கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லருந்து நான் சொன்னதையெல்லாம் இப்படித்தான் கேட்டீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவர் தலையாட்டியதாகத் தெரியவில்லை.

ஆகவே, இந்த இனம் மருத்துவமனையோடு நிற்பதில்லை. மெக்கானிக் வண்டியை உறும விட்டு, "இந்தச் சத்தம் கேக்குதா?" என்றபோது குனிந்து, புருவத்தை நெரித்து, "ஆமா, ஆமா" என்றவர் யார்? கர்ப்பமான சிநேகிதி புகைபோல இருந்த ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டி, "குழந்தைக்கு அப்படியே அவரோட மூக்கு, தெரியுதா?" என்றபோது, "அச்சு அசல்!" என்று உருகியவர் யார்? யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்ல வருவது என்னவென்று உங்களுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது, இல்லையா?

பார்த்தீர்களா, தலையை ஆட்டிவிட்டீர்கள்.