நாலு கடனும் ஒரு படிவமும்

எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. கடன்பிறந்தவை நாலு உண்டு. இரண்டு வங்கி அட்டைகள், ஒரு தனிநபர் கடன், அதற்கு வட்டி கட்ட வாங்கிய இன்னொரு கடன். நாலும் மனைவிக்குத் தெரியாமல் வளர்ந்தவை. போன் அதிர்ந்தால் குளியலறைக்குள் ஓடிவிடுவேன். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று மாமியார் வீடு முழுக்கப் பேச்சு.

டயர் கடையில் கேஷியர் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் பணத்தை எண்ணி எண்ணி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு திங்கட்கிழமை, அவளுக்குத் தெரியாமலே கரையேறிவிடுவது என்று சபதம் செய்துகொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கடன் ஆலோசனை மையத்துக்குப் போனேன்.

கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் பொறுமையாகக் கேட்டார். எதையாவது விற்று இரண்டு வருடத்தில் அடைக்க முடிந்தால் கடன்களை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு வேண்டாம் என்றார். விற்க என்னிடம் என்னைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியானால் நாலும் ஒன்றாகும், ஐந்து வருடம் ஒரே தவணை, யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஆனால் புதுக்கடன் கிடைக்காது. பெயர் கடன்காரர் பதிவேட்டில் ஏறும். பணப்பெட்டியில் உட்காருகிறவன் என்பதால் வேலையில் வைத்திருக்க முதலாளி யோசிக்கலாம் என்றார்.

போன் அதிராமலே, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

பிறகு வீட்டுச் செலவைக் கேட்டார். பாலுக்கு எவ்வளவு? தெரியாது. பிள்ளையின் பள்ளிக்கட்டணம்? விழித்தேன். படிவத்தைக் கையில் கொடுத்து, வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னார்.

சாயங்காலம் அவள் பிள்ளையின் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கடையில் ஏதோ கணக்கெடுப்பு, மாதச் செலவு என்ன என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்துபோய்ப் போர்வை அடுக்குக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து வைத்தாள். அதே படிவம். முழுக்க நிரப்பியிருந்தது.

"நீங்க போனை வீட்டுல வச்சுட்டு முடிவெட்டப் போறப்பல்லாம் நான்தாங்க எடுப்பேன். மூணு வாரத்துக்கு முன்னாடியே அந்த மேடத்தைப் போய்ப் பார்த்துட்டேன். நீங்க வந்தா காட்டிக்காதீங்கன்னு சொல்லியிருந்தேன்."

கடன்களை எண்ணினேன். ஐந்து இருந்தது.

"அஞ்சாவது யாரு?"

"எங்க அண்ணன். வாங்கினதையே மறந்துட்டீங்க."

முதலாளியிடமும் பேசிவிட்டாளாம். வேலை போகாது, ஒன்றாம் தேதியிலிருந்து பணப்பெட்டி இல்லை, டயர் கிடங்கு. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. ஊசியை நூல்கண்டில் குத்திவைத்துவிட்டு, இத்தனை நாள் தனியாக எப்படித்தான் தாங்கினீங்களோ என்றாள். தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

"எனக்கு இது சரிப்படுமான்னு யோசிச்சுட்டு..." என்று இழுத்தேன்.

"யோசிச்சாச்சு. கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டேன். போட்ட பிறகுதான், 'கணவரின் கைச்செலவு' என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்ததைப் படித்தேன்:

பஸ் கட்டணம், போக மட்டும்.