சேனலின் உள்விவகாரம்

திங்கட்கிழமை காலை, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்து டோக்கன் பலகையில் பன்னிரண்டு வர வேண்டிய நேரத்தில் ஒன்று வந்தது. மருந்துச் சீட்டோடு வாசல்வரை போய்விட்ட ஒன்றாம் எண்காரர் திரும்பி வந்து மறுபடி டாக்டர் அறைக்குள் நுழைந்தார். அடுத்த நொடி பலகை இரண்டு என்றது. இரண்டாம் எண்காரரும் பின்னாலேயே நுழைந்தார். நிஜமான பன்னிரண்டாம் எண்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"சார், பன்னண்டு ரெண்டு துண்டா போகுது," என்றாள் புரோகிராமர் பெண்.

"நெட்வொர்க்னா அப்படித்தான் போகும். ஒட்டவைக்கறது சேனலோட உள்விவகாரம். நீ தலையிடாதே," என்றார் சேனல்காரர்.

'சேனல்காரர்' என்பது மென்பொருள் ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். அவரிடம் நேரிலேயே சொல்வார்கள். அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலை இவ்வளவுதான். டாக்டர் தன் அறையில் பொத்தானை அமுக்கினால், முப்பது அடி தள்ளியிருக்கும் பலகையில் அடுத்த எண் வர வேண்டும். புரோகிராமர் பெண் நாற்பது வரியில் எழுதி முடித்திருந்தாள். பலகைக்குப் போகும் இணைப்பான சாக்கெட்டைத் திற, எண்ணை அனுப்பு, மூடு. வாரத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தால் அடம்பிடிக்கும், மற்றபடி சமர்த்து.

சேனல்காரர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். "சாக்கெட்டை இப்படியா நேரடியா தொடறது?" என்று, அவள் கரண்டுக் கம்பியைப் பிடித்துவிட்ட மாதிரி கத்தினார். நடுவில் எண்ணை வாங்கிக் கடத்த ஒரு சேனல் வேண்டும். மேலே இருப்பவன் 'அனுப்பு' என்று மட்டும் சொல்வான். கீழே கம்பியா, காற்றா, செயற்கைக்கோளா என்பது அவனுக்குத் தெரியவே கூடாது. முப்பது அடிக்கு எதற்குச் செயற்கைக்கோள் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. ஐந்து மாதம் உழைத்துப் பதினொரு கட்டங்கள் போட்டு ஒரு படம் வரைந்தார். பலகை அதில் கடைசி மூலையில், இடம் போதாமல், ஒண்டிக்கொண்டிருந்தது.

பலகையோடு ஒரு ரிமோட்டும் வந்திருந்தது. "கையால அமுக்கி நம்பர் மாத்தற காலமா இது? எங்கயாவது தூக்கிப் போடுய்யா," என்று கூடத்து அட்டெண்டரிடம் கொடுத்தார். எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லாத அட்டெண்டர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சேனல் ஓடத் தொடங்கிய திங்கட்கிழமைக் கூத்து மேனேஜர் காதுக்குப் போனது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா அந்தப் பொண்ணோட நாப்பது வரியையே திரும்பப் போட்டுடுவேன்."

வேலையை விட்டே தூக்கியிருந்தாலும் சேனல்காரர் தாங்கியிருப்பார். இது மானப் பிரச்சினை. 'தலைமை வடிவமைப்பாளர்' என்று தன் கதவில் மாட்ட ஒரு பெயர்ப்பலகையை ஏற்கெனவே செய்து மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தார் மனிதர்.

உட்கார்ந்தார், சரிசெய்தார். இனி ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அது எத்தனை இலக்கம் என்று சேனல் சொல்லியனுப்பும். செவ்வாய்க்கிழமை சேனல் ஒழுங்காகச் சொல்லியனுப்பியது. பலகை அதையே டோக்கன் எண் என்று எடுத்துக்கொண்டது. பத்திலிருந்து எல்லோருமே இரண்டு. அன்றைய இரண்டாம் எண் அம்மாள் நாலாவது தடவையாக உள்ளே போனார்.

"உங்களுக்கு என்னதாம்மா பண்ணுது?" என்றார் டாக்டர், நொந்துபோய்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க கூப்பிடறீங்க, நான் வர்றேன்."

மறுபடி சரிசெய்தார். பலகை 'கிடைத்தது' என்று சொல்லும்வரை சேனல் எண்ணைப் பத்திரமாக வைத்திருந்து திரும்பத் திரும்ப அனுப்பும். புதன்கிழமை காலையில் இணைப்பு அறுந்து மதியம் ஒட்டிக்கொண்டது. அதுவரை பத்திரமாக வைத்திருந்த நாற்பத்து மூன்று எண்களையும் சேனல் ஒரே மூச்சில் கக்கியது. கூடமே எழுந்து கதவுக்குப் பாய்ந்தது. அட்டெண்டர் கையை விரித்துக் குறுக்கே நின்றிருக்காவிட்டால் டாக்டரே நோயாளியாகியிருப்பார்.

அன்று மாலை வீட்டில் மனைவி ஏதோ கேட்டார். சேனல்காரர் "ம்" என்றார்.

"என்ன 'ம்'? நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்."

"அதான் 'ம்'னு சொல்லிட்டேனே!"

"நீங்க எல்லாத்துக்கும் 'ம்' சொல்லுவீங்க. சண்டை வராது. ஆனா வேலையும் நடக்காது."

சேனல்காரர் சட்டென்று நிமிர்ந்தார். மனைவி சொன்னதில் முதல் பாதி மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் புரோகிராமர் பெண்ணைக் கூப்பிட்டார். "இனிமே ஒரு பிழையும் மேலே வரக் கூடாது. சேனலே விழுங்கிடும். 'அனுப்பு'ன்னா 'அனுப்பியாச்சு'ன்னு பதில் வரணும். தீர்ந்தது!"

"போர்டு நிஜமா வாங்கிக்கலேன்னா, சார்?"

"அது சேனலோட உள்விவகாரம்."

என்ன ஆச்சரியம்! வியாழக்கிழமை ஒரு தப்பு இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. ஒவ்வொருவரும் வெளியே வந்ததும் பலகையில் அடுத்த எண் அழகாக மாறியது. சேனல்காரரின் திரையில் 'அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு' என்று பச்சை வரிகள் ஓடின. எப்போதாவது, அட்டெண்டர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், எண் இரண்டு நிமிடம் நின்று மாறியது.

"நெரிசலைப் பார்த்து சேனல் தானா நிதானிக்குது," என்று அதற்கும் பொழிப்புரை சொன்னார்.

புரோகிராமர் பெண்ணுக்கு மட்டும் உறுத்தியது. "போர்டுக்கு என்னென்ன வந்து சேர்ந்ததுங்கற பதிவை ஒரு தடவை பார்க்கட்டுமா, சார்?"

"பார்க்கக் கூடாதுன்னுதானேம்மா சேனலே வச்சிருக்கேன்! உன் நாப்பது வரி போச்சேன்னு வயித்தெரிச்சல் படாதே."

சாயங்காலம் மேனேஜரும் மருத்துவமனை நிர்வாகி அம்மாவும் கூடத்துக்கு வந்தார்கள். சேனல்காரர் பலகைக்கடியில், அதைத் தானே பெற்றெடுத்த மாதிரி நின்றார்.

"ரெண்டு நாளா அற்புதம்," என்றார் நிர்வாகி. "எங்க வார்டுல படுக்கைக்குப் படுக்கை மணி இருக்கு. நோயாளி அமுக்கினா நர்ஸ் ரூம்ல அடிக்கணும். உயிர் சமாச்சாரம். அதுக்கும் இதையே போடலாமா?"

"தாராளமா! கீழே என்ன இருக்குன்னே சேனலுக்குக் கவலை கிடையாது," என்றார் சேனல்காரர்.

மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். புரோகிராமர் பெண்ணின் நாற்பது வரிகளை அடியோடு அழித்துவிடச் சொன்னார். 'தலைமை வடிவமைப்பாளர்' என்று கைகுலுக்கவும் ஆரம்பித்தார். சேனல்காரருக்கு நெஞ்சு விம்மி, கண்ணில் நீரே வந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து அட்டெண்டர் தயங்கித் தயங்கி எழுந்து வந்தார். கட்டைவிரலில் துணிக்கட்டு. சட்டைப்பையிலிருந்து ரிமோட்டை எடுத்து நீட்டினார்.

"ஐயா, அந்த மணிக்கும் நான்தான் அமுக்கணும்னா இன்னொரு ஆளையும் போட்டுடுங்க, இந்த ஒரு போர்டுக்கே ரெண்டு நாள்ல விரல் வீங்கிப்போச்சு."