பென்சில் சொன்ன நிறம்

"அண்ணே, எதிர்த்த பட்டறைச் சுவரைப் பார்த்தீங்களா? உங்க கொக்கு அங்க மாட்டியிருக்கு."

ராம்லோகன் இதைச் சொன்னபோது அவர் வாயில் பாதி டபிள்ஸ் ரொட்டி இருந்தது. மீதிப் பாதியின் கடலைக் குழம்பு முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. கம்பி வளைத்து இறக்கைக் கூடு கட்டுவது அவர் தொழில். கெட்ட செய்தியைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வது அவர் பழக்கம்.

குழுவுக்கு உடை வரைகிற எவரார்ட் பெய்ன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட் ஹோலிஸின் பட்டறை. சுவரில் புதிதாக ஒரு கார்னிவல் உடையின் படம். கொக்கு இல்லை, பருந்து. ஆனால் அலகிலிருந்து கணுக்கால் வரை செம்பு நிறம். எவரார்டின் மேசையில் கிடந்த கொக்குப் படமும் அலகிலிருந்து கணுக்கால் வரை அதே செம்பு.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் கார்னிவல் ஊர்வலத்தில் பறவை ஒன்றாக இருக்கலாம், நிறம் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரே நிறத்தில் இரண்டு குழு தெருவில் இறங்கினால், தான் எந்தக் கூட்டம் என்று ஆடுகிறவனுக்கே தெரியாது. அடுத்த கார்னிவல் வரை ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

குழுத் தலைவி மிஸ் யுலாலி சிரிக்கும் மனநிலையில் இல்லை.

"எவரார்ட், சனிக்கிழமை நம்ம படத்தை மாட்டணும். அதுக்குள்ள வேற நிறம் வரணும். இல்லேன்னா என் அக்கா மகனைக் கூப்பிட்டுக்கறேன். அவன் கம்ப்யூட்டர்ல வரையறான்."

"கம்ப்யூட்டருக்கு என்னக்கா தெரியும்? நிறத்தைப் பென்சில்தான் சொல்லும். நான் வெறும் கை."

"அப்ப பென்சில்கிட்ட சொல்லு, சனிக்கிழமைக்கு அப்புறம் கைக்கு வேலை இருக்காதுன்னு. செம்புத் துணி வேற மூட்டை மூட்டையா வாங்கி வச்சிருக்கேன். கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான்."

எவரார்டிடம் இருந்தது சாதாரண வண்ணப் பென்சில் இல்லை. வெண்ணெய்போல் வழுக்குகிற வெளிநாட்டுச் சரக்கு, ஒரு கட்டு. அதைக் கண்ட பிறகு பழைய பென்சில்களை எல்லாம் கீறுகின்றன என்று குப்பையில் போட்டுவிட்டார். காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. கலைஞனைத் தேடிப் பென்சில் தானாக வரும் என்பது அவர் கொள்கை. அந்தக் கட்டுக்குள் செம்பு, கடுகு மஞ்சள், பாசிப் பச்சை மட்டும்தான் இருந்தன. மூன்று நிறத்துக்கு மேல் கேட்கிறவன் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகட்டும் என்பது இன்னொரு கொள்கை.

செம்பை ஒதுக்கிவிட்டுக் கடுகைச் சீவினார். கொக்கு சூரிய ராஜா ஆனது. யுலாலி ஹென்றி தெருத் துணிக்கடைக்கு ஓடிக் கடுகு மஞ்சள் துணி வாங்கிவந்தார். மறுநாள் காலை ஹோலிஸ் பருந்தைக் கழற்றிவிட்டுத் தேனீ ராணியை மாட்டியிருந்தார். கடுகு மஞ்சள்.

"வீட்டுக்குள்ளயே திருடன்!" என்று கத்திக்கொண்டே எவரார்ட் தையல்காரப் பெண்களின் கைப்பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார். உதட்டுச் சாயம், மாங்காய் ஊறுகாய், ஒருத்தியின் பல்செட். படம் எதுவும் விழவில்லை.

"என் பல்லுல என்னய்யா வரைஞ்சு வச்சிருக்கேன்? எண்ணிப் பார்த்துக்கோ!" என்றாள் அதன் சொந்தக்காரி. மதியத்துக்குள் அத்தனை மெஷினும் நின்றுபோயின.

மிச்சம் பாசிப் பச்சை. இந்த முறை எவரார்ட் சாமான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வரைந்தார். படத்தை யாருக்கும் காட்டவில்லை. கதவுக்கு உள்ளிருந்தே சொன்னார், வெளியே நின்று ராம்லோகன் கம்பியை வளைத்தார்.

"அகலமான வாய்!"

"ஆச்சு."

"கனத்த பின்பக்கம்! நடந்தா தரை அதிரணும்!"

"அண்ணே, இது முதலையா, யுலாலி அக்காவா?"

யுலாலி அப்போது பாசிப் பச்சைத் துணி மூட்டையோடு அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஹோலிஸின் சுவரில் ஒரு ஆமை ஏறியது. பாசிப் பச்சை.

எவரார்ட் நாற்காலியில் சரிந்தார். "ராம்லோகன், நீ போய் வேவு பார்த்துட்டு வா. எந்தப் படுபாவி கொண்டுபோய்க் குடுக்கறான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

போனவர் வாயில் இன்னொரு டபிள்ஸோடு திரும்பினார்.

"அண்ணே, அங்க பெரிய ரகளை. தன் படத்தை நீங்க திருடறீங்கன்னு ஹோலிஸ் தலையில அடிச்சிக்கறாரு. அவரும் பூட்டிக்கிட்டுத்தான் வரையறாராம், கக்கூஸ்ல. தையல்காரங்களை நேத்தே துரத்திட்டாரு. நம்ம பொம்பளைங்க அங்க வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. அவரு துரத்தினவங்க நம்ம வாசல்ல நிக்கறாங்க."

"நானா திருடறேன்?" எவரார்ட் துள்ளி எழுந்தார். "என் நிறம் என் மனசுல இருந்து வருதுய்யா! ஆதியிலேருந்து வருது!"

"வந்த வரைக்கும் போதும்" என்றார் யுலாலி. அவர் கைப்பேசியை எடுத்து அக்கா மகனின் எண்ணைத் தேட ஆரம்பித்திருந்தார். மூன்று நிறத்துத் துணி மூட்டைகளும் சுவர் ஓரம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மேசையில் பென்சில்கள் விரல் நக அளவுக்குத் தேய்ந்து கிடந்தன.

"அக்கா, ஒரே ஒரு ராத்திரி குடுங்க. மனசுல புதுசா ஒண்ணு கிளம்புது. எனக்கே தெரியுது."

"என்ன நிறம்?"

எவரார்ட் கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை.

அப்போது ஹென்றி தெருத் துணிக்கடையில் வேலை செய்யும் நதீன் இரண்டு பொட்டலங்களோடு உள்ளே வந்து ஒன்றை மேசையில் வைத்தாள்.

"முதலாளி வழக்கம்போல உங்களுக்கு ஒரு கட்டு பென்சிலும் எதிர்த்த பட்டறை ஹோலிஸ் சாருக்கு ஒரு கட்டும் குடுத்தனுப்பினாரு; தேங்கிக் கிடந்த செம்பு, கடுகு, பாசி மூணும் ஒரு கெஜம் மிச்சமில்லாம வித்துப்போச்சு, இனிமே குடோன்ல கிடக்கறது கத்தரிப்பூ நிறம்தான்."