மணியடிக்கப் போய்ச் சாட்சியானேன்

மார்ச் 3, ஞாயிறு, பிற்பகல்

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த சகோதரி எர்லீன் அவர்களுக்கு, தம்பி லூஷியஸ் டாலிவர் பணிவோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் பெர்னிஸும் இங்கே உயிரோடு இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதன் காரணம் கீழே வரும். அங்கே மொபீல் நகரில் தங்கள் மூட்டுவலியும், தங்கள் ரோஜாச் செடிகளும், அந்தச் செடிகளைத் தோண்டும் பக்கத்து வீட்டு நாயும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதவும். இங்கே ஏரிக்காற்று இன்னும் குளிர்காலத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை. நிற்க.

போன நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்குத் தாங்கள் வரவில்லை. மூட்டுவலி தங்களைக் காப்பாற்றியது. காலேஜ் சேர்க்கையில் இனிமேல் நிறத்தைப் பார்க்கக் கூடாது என்று மேல்கோர்ட் தீர்ப்புச் சொன்னதல்லவா, அது எங்கள் வீட்டு வான்கோழியோடு சேர்ந்து மேஜைக்கு வந்துவிட்டது. தங்கள் மருமகன், என் மகன் டெரன்ஸ், சும்மா இருந்திருக்கலாம். ஹீட்டர் மாட்டும் கம்பெனி வைத்திருக்கிறவனுக்கு மேல்கோர்ட்டோடு என்ன பேச்சு? "நல்லதுதான் ஆச்சு. எனக்கு எவன் சலுகை குடுத்தான்? ஒத்த வேனை வச்சுத்தானே ஆரம்பிச்சேன்" என்றான். என் மூத்த மகள், தங்கள் மருமகள் யோலண்டா, வக்கீல். அவள் சும்மா இருப்பாளா? "ஒத்த வேனா? அந்த வேனுக்கு நகரசபை வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு சொல்லட்டுமா?" "அது டெண்டர்!" "அது ஒதுக்கீட்டு டெண்டர்டா தம்பி!" அவ்வளவுதான். டெரன்ஸ் எழுந்தான், பெர்னிஸ் செய்து வைத்திருந்த தேங்காய் கேக்கை முழுசாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவள் பன்னிரண்டு மணிக்கு வருவாள், அவன் மூன்று மணிக்கு வருவான். இருவரோடும் உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் ஒருவருக்கு மனத்தாங்கல். ஆகவே நான் வாராவாரம் இரண்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது, அக்கா?

இந்த நிலைமையில், நான் டீக்கனாக ஊழியம் செய்யும் எங்கள் சபைக்கு ஒரு புதுப் பாஸ்டர் வந்திருக்கிறார். பெயர் காலோவே. சின்ன வயசு, நல்ல பையன், ஆனால் எதையும் பேசித் தீர்க்கலாம் என்று நம்புகிறவர். சபைக் கூரை ஒழுகுகிறது, அதற்குப் பணம் திரட்ட வறுத்த மீன் விருந்து வைக்கலாம் என்றோம். அதோடு ஒரு பட்டிமன்றமும் வைக்கலாம் என்றார். தலைப்பு: 'நம் கறுப்பின மக்கள் பின்தங்கியிருப்பதற்கு யார் பொறுப்பு, வெள்ளைக்காரர்களா, நாமா?' பேசுகிறவர்கள் யார் யார் என்று நீயே யூகித்துக்கொள். "டீக்கன் ஐயா, ஒரே வீட்டுப் பிள்ளைங்க, மேடையில நாகரிகமா பேசிப் பழகினா வீட்டுலயும் பேசிக்குவாங்க. நீங்க நடுவுல உக்காந்து, நேரம் முடிஞ்சா மணி அடிங்க, அது போதும்" என்றார். பெர்னிஸ் அப்போதே சொன்னாள்: "லூஷியஸ், நீ முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியில போனவன். எரியுற வீட்டுக்குள்ள வேடிக்கை பாக்கப் போகாதேன்னு நான் உனக்குச் சொல்லணுமா?" நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒரே கூரைக்குக் கீழே, அது ஒழுகினால்கூடப் பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்ற ஆசை.

நேற்று மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் சிஸ்டர் ஆகஸ்டா, அந்தப் பெரிய ஊதாத் தொப்பியோடு. பின்னால் இருந்தவர்களுக்கு மேடையே தெரியவில்லை. என் பழைய தீயணைப்புச் சகா ஸ்டான் வோய்சிக்கும் வந்திருந்தான். கூடத்திலிருந்த ஒரே வெள்ளைக்காரன் அவன்தான், மீனுக்காக வந்தவன். முதலில் டெரன்ஸ் எழுந்தான். எழுந்ததும் என்னைக் கைகாட்டினான் பார், அங்கே பிடித்தது சனி. "இதோ உக்காந்திருக்காரே என் அப்பா. இவரு யார்கிட்டயும் எதையும் கேக்கலை. ஸ்டேஷன்ல எல்லாரும் கூடிச் சமைச்சுச் சாப்பிடுவாங்க, இவரு மட்டும் தினம் வீட்டுலருந்து டப்பாவுல எடுத்துட்டுப் போவாரு. அடுத்தவன் தட்டைப் பாக்காத மனுஷன். இவரு பிள்ளை நான் எதுக்கு ஒருத்தன் கதவைத் திறந்து விடணும்னு காத்திருக்கணும்?" "ஆமென்!" என்றாள் ஆகஸ்டா. கூடமே கைதட்டியது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மணி அடிக்க மறந்துவிட்டேன்.

அடுத்து யோலண்டா. கோர்ட்டில் நிற்கிற மாதிரி நின்றாள், அவளும் என்னைக் கைகாட்டினாள். "என் தம்பி அந்தச் சாப்பாட்டு டப்பாவைப் பாத்தான், அதுக்குக் காரணத்தைப் பாக்கலை. எங்கப்பா ஏன் டப்பா எடுத்துட்டுப் போனாரு? அவங்களோட உக்கார விடலை! ரெண்டு தடவை லெப்டினன்ட் பரீட்சையில நல்லா எழுதியும் ஏன் மேல போகலை? விடலை! பூட்டின கதவு முன்னால ஒருத்தரை நிக்க வச்சுட்டு, பாரு எவ்வளவு பொறுமையா நிக்கிறாருன்னு பாராட்டுறது என்ன நியாயம்?" "ஆமென்!" என்றாள் அதே ஆகஸ்டா, இன்னும் சத்தமாக. அக்கா, நான் உயிரோடு, கையில் மணியோடு, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தன் என்னைத் தூண் என்கிறான், ஒருத்தி என்னைத் தூண் அடியில் நசுங்கினவன் என்கிறாள். "அப்பா, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்க ஒரு நாதியில்லை. மணியை அடித்தேன். அடித்த அடியில் மணியின் நாக்கு கழன்று உருண்டு ஆகஸ்டாவின் காலடிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் யாரையும் நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. "ஒதுக்கீட்டு டெண்டர்!" "பணக்கார வக்கீல்!" "கேக் திருடன்!" என்று மேடையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். யாரும் கண்ணை மூடத் தயாராக இல்லை.

அப்போதுதான் ஸ்டான் எழுந்தான், வாயில் மீனோடு. "நான் ஒண்ணு கேக்கலாமா? என் தாத்தா போலந்துலருந்து வந்து சுரங்கத்துல செத்தவரு. அவரு யாரையும் அடிமையா வச்சுக்கலை. எழுபத்தாறுல நானும் தீயணைப்புப் பரீட்சை எழுதினேன். லூஷியஸைவிட மார்க்கு அதிகம். அவனை எடுத்தாங்க, என்னை ரெண்டு வருஷம் காக்க வச்சாங்க. அந்த ரெண்டு வருஷம் கூரைக்குத் தார் பூசி என் முதுகு போச்சு. அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு? நானா?" ஆகஸ்டாகூட ஆமென் சொல்லவில்லை. சொல்லவேண்டியதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள் போல. டெரன்ஸ் என் பக்கம் திரும்பினான். "என்னப்பா சொல்றாரு? உங்களை ஏன் முன்னால எடுத்தாங்க?"

நான் என்ன செய்வேன்? எழுந்தேன். "கோர்ட் உத்தரவுடா மகனே. மூணு வெள்ளைக்காரனுக்கு ஒரு கறுப்பனாவது எடுக்கணும்னு ஜட்ஜ் சொன்னாரு. அதுக்கு முன்னால நம்ம வீடு எரிஞ்சா தண்ணி ஊத்த வருவாங்க, நம்மளைத் தண்ணி ஊத்த விடமாட்டாங்க" என்றேன். "ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்றாள் யோலண்டா. "நீங்க எங்க கேட்டீங்க? ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கீங்க!" கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றது நின்றுவிட்டோம், முழுசாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அந்த டப்பா விஷயம். முதல் நாள் நானும் அவங்களோட உக்காந்துதான் சாப்பிட்டேன். யாரும் தடுக்கலை. சாப்பிட்டு முடிச்சதும் கேப்டன் என் தட்டை எடுத்தாரு. கழுவப் போறாருன்னு நினைச்சேன். குப்பைத் தொட்டியில போட்டாரு. மறுநாளும் உக்காந்தேன், மறுநாளும் போட்டாரு. மூணாவது நாள்லருந்து உங்கம்மா டப்பாவுல கட்டிக் குடுத்தா." சொல்லிவிட்டு பெர்னிஸைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஸ்டானிடம் திரும்பினேன். "உன் ரெண்டு வருஷம் நிஜம். உன் முதுகும் நிஜம். நான் இல்லேங்கலை. ஆனா ஒண்ணு சொல்லு, அப்படி ஒரு பரீட்சை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" அவன் தாடையைத் தடவினான். "எங்க மாமா ஸ்டேஷன்லருந்து விண்ணப்பத்தாள் கொண்டுவந்து காலைச் சாப்பாட்டு மேஜையில வச்சாரு." "உங்கப்பா?" "அவரும் அங்கதான்." "உங்கண்ணன்?" "சரி சரி, புரியுது." "அந்த ஜட்ஜ், எங்க கறுப்பர் பேப்பர்லயும் விளம்பரம் போடணும்னு சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிஞ்சுது. கதவைச் சாத்தி வச்சிருந்த கேப்டனும் உங்க மாமாவும் பென்ஷன் வாங்கிக்கிட்டு புளோரிடாவுக்குப் போயிட்டாங்க. அவங்ககிட்ட ஒருத்தரும் எதுவும் கேக்கலை. வாசல்ல நின்ன நீயும் நானும்தான் நாலு வருஷம் ஒருத்தனை ஒருத்தன் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சோம்." உண்மைதான் அக்கா. ஏரியில் அவன் படகு மோட்டார் நின்றுபோய் நான் கயிறு கட்டி இழுத்து வந்தேனே, அதுவரைக்கும் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கரை வரும்வரை கயிறு கட்டத் தெரியவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். அன்றிலிருந்து சிநேகிதம்.

இதோடு விஷயம் முடிந்தது, பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். யோலண்டா மைக்கை எடுத்தாள். "பாத்தீங்களா! கோர்ட் உத்தரவு இல்லேன்னா எங்கப்பா இல்லை. நான் சொன்னதை அப்பாவே நிரூபிச்சுட்டாரு." டெரன்ஸ் அதைப் பிடுங்கினான். "பாத்தீங்களா! உத்தரவு வாசல் வரைக்கும்தான் வந்துச்சு. தட்டைக் குப்பையில போட்ட இடத்துல முப்பது வருஷம் நின்னது யாரு? உத்தரவா? எங்கப்பா! நான் சொன்னதை அப்பாவே நிரூபிச்சுட்டாரு." "ஆமென்! ஆமென்!" என்று ஆகஸ்டா இரண்டு பேருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். நாற்பத்தெட்டு வருஷம் வாய் திறக்காமல் வைத்திருந்ததைச் சபை நடுவில் கொட்டினேன், அது இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கல்லாகப் போய்விட்டது. மக்கள் எழுந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்த மேஜையில் உட்கார்வது என்று தெரியாமல் நானும் ஸ்டானும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீன் ஆறிப்போயிருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால், டெரன்ஸ் வேனுக்குள் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடி இறங்கியிருந்தது. "இந்த மனுஷன் இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்காரோ" என்கிறாள் அவள். "தட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தா நான் டப்பாவைப் பத்திப் பேசியே இருக்கமாட்டேன்கா" என்கிறான் இவன். அவள் அவன் தோளில் கை போட்டாள். மூணு மாசத்துக்கு மேல் பேசாதவர்கள் பேசிவிட்டார்கள். என்னைக் குற்றம் சொல்வதற்காகப் பேசினார்கள். இன்று மத்தியானம் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட வந்தார்கள். எனக்கு ஒரே ஒரு சாப்பாடுதான். ஆனால் சாப்பிட்ட நேரம் பூராவும் கேள்வி: எந்த கேப்டன், என்ன பெயர், ஏன் விட்டீங்க, ஏன் அடிக்கலை. வக்கீல் ஒரு பக்கம், வியாபாரி ஒரு பக்கம். பன்னிரண்டு மணிக்கு ஒருத்தி, மூணு மணிக்கு ஒருத்தன் என்று இருந்ததே, அது எவ்வளவு நிம்மதி என்று இப்போது தெரிகிறது.

ஆகவே அக்கா, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் கோர்ட், ஒதுக்கீடு, யார் பொறுப்பு, இந்த மூன்று பேச்சும் கிடையாது. நானும் சாகிறவரைக்கும் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். நீ மூத்தவள், உன் பேச்சுக்கு அவர்கள் அடங்குவார்கள். இரண்டு பேருக்கும் ஃபோன் போட்டு, அப்பாவை நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லவும்.

தங்கள் வீட்டில் சுகமும் சமாதானமும் தங்கட்டும். தங்கள் முழங்காலுக்குக் கர்த்தர் தனிக்கவனம் செலுத்தட்டும். பெர்னிஸ் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
லூஷியஸ்

பின்குறிப்பு: ஸ்டான் வந்தான். அவனைப் பற்றி எழுதிய இடத்தை நாகரிகத்துக்காகப் படித்துக் காட்டினேன். 'உன் ரெண்டு வருஷம் நிஜம்' என்று நான் சொன்னது சரி, அப்படியானால் அதற்கு இதுவரை எவன் வருத்தம் சொன்னான் என்று கேட்டான். எனக்கு எவன் சொன்னான் என்று நான் கேட்டேன். மேஜையைத் தட்டினேன். அவனும் தட்டினான். பெர்னிஸ் பயந்துபோய்ப் பிள்ளைகளுக்கு ஃபோன் போட்டு, ஃபோனை மேஜையில் வைத்துவிட்டாள். கேட்டாயா கூத்தை, டெரன்ஸ், "ஸ்டான் மாமா, எங்கப்பாவுக்குக் கிடைச்சது சலுகைன்னு மட்டும் சொல்லிப் பாருங்க!" என்று கத்துகிறான். யோலண்டா, "அப்பா, கொஞ்சம் பொறுங்க, அவரு கேக்கறதுலயும் நியாயம் இருக்கு" என்கிறாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்துகொண்டிருக்கிறார்கள். பெர்னிஸ் யார் பக்கமும் இல்லை, எல்லோருக்கும் எதிர்ப்பக்கம். நானும் டெரன்ஸும் ஒரு பக்கம், ஸ்டானும் யோலண்டாவும் ஒரு பக்கம், இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நிற்கிறது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஃபோன் வேண்டாம், நீ பஸ் ஏறி நேரே என் பக்கம் வந்து உட்கார்.