சந்தனப் பொட்டு வைத்த ஷாஃப்ட்

புராஜெக்ட் தேர்வு நடந்த அறையில் அன்று காலை இருந்தவர்கள்: நான், என் வகுப்புத் தோழன் யூசுப், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பிறகு நான் ஏழு வண்ண ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த கால அட்டவணை. இல்லாதவர்கள்: எங்கள் கடலை உடைக்கும் இயந்திரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்ட், எங்கள் குழுவின் மூன்றாவது ஆள் 'ஆயிரும்'.

ஆயிருமைப் போல நேரத்தை வீணடித்தவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே பிறந்ததில்லை. அவனைப் போல நேரத்துக்கு வேலையை முடித்தவனும் பிறந்ததில்லை. முதல் வாக்கியத்தை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இரண்டாவதைச் சொல்ல இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோபி ஊர்க்காரன். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். எதைக் கேட்டாலும் "ஆயிருமுங்க" என்பான். அதுவே பெயராகிவிட்டது. எல்லோருக்கும் 'ங்க' போடுவான். வராந்தாவில் படுத்திருக்கும் நாயைக்கூட "சித்த தள்ளிப் படுங்க" என்றுதான் விரட்டுவான். நாயும் தள்ளிப் படுக்கும். என்னைப் பார்த்தால் குரைக்கும்.

நான் சோமனூர். அப்பா தறி ஓட்டுகிறவர். படிப்பு என்பது எங்கள் வீட்டுக்குள் என்னோடுதான் நுழைந்தது. ஆகையால் அதைக் கண்ணாடிப் பாத்திரம் போல ஏந்திக்கொண்டு நடந்தேன். எழுவதற்கு ஒரு கட்டம், குளிப்பதற்கு ஒரு கட்டம், சந்தேகம் கேட்பதற்கு ஒரு கட்டம் என்று அட்டவணை போட்டு வாழ்ந்தேன். ஆயிருமுக்குக் கைக்கடிகாரமே கிடையாது. வழியில் போகிறவரிடம் "மணி என்னாச்சுங்க?" என்று கேட்பான். அவர் சொல்வார். இவன் அவருடைய ஊரைக் கேட்பான். அப்புறம் இரண்டு பேரும் டீ குடிக்கப் போவார்கள்.

ஒரு பரீட்சை நாளில் நான் முன்கூட்டியே கிளம்பிப் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அன்று பார்த்து பஸ் எதுவும் வரவில்லை. நான் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்தபோது ஒரு பால் வேன் கடந்தது. டிரைவர் பக்கத்தில் ஆயிரும், தலைகூடச் சீவாமல், எனக்குக் கை காட்டிக்கொண்டு போகிறான்! வேனை நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொண்டான் என்பதுதான் இதில் மிகவும் தாங்க முடியாத விஷயம்.

என் அம்மா ஹாஸ்டலுக்கு வந்தால் முறுக்குத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கோபித் தம்பி எங்க கண்ணு?" என்பாள். பெற்ற பிள்ளை நான் எதிரே நிற்கிறேன்!

புராஜெக்டுக்கு மூவரும் ஒரே குழு. எங்கள் படிப்பு ஐப்பசி வாக்கில் முடிகிற வகை. அதனால் தேர்வு விஜயதசமிக்கு மறுநாள். ஷாஃப்டைக் கடைந்து தர கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்திருந்தோம். நான் சார்ட்டில் எல்லா வேலைக்கும் நாள் குறித்தேன். சார்ட் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஆயிரும் ஆளைக் காணோம். பட்டறையில் லேத் ஓட்டும் டர்னரின் மகளுக்குக் காதுகுத்து, பல்லடத்துக்கு விருந்துக்குப் போயிருக்கிறான்.

"ஏன்டா, இங்க நான் உசுரக் குடுத்துத் திட்டம் போடறேன், உனக்குக் கறிச்சோறு கேக்குதா?" என்றேன்.

"நீங்க போடுங்க. நல்லாத்தானுங்க இருக்குது" என்று சார்ட்டைத் தடவிப் பார்த்தான்.

சார்ட்டில் ஆயுத பூஜைக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'கல்லூரி விடுமுறை. ஷாஃப்டை வாங்கி வரவும்.' வருஷா வருஷம் தறிக்குப் பொட்டு வைத்து வளர்ந்த பிள்ளை எழுதியது அது.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானமே கரண்ட் போய்விட்டது. பாதி கடைந்த ஷாஃப்ட் லேத்தின் பிடிக்குள் மாட்டியபடியே நின்றது. கரண்ட் வருவதற்குள் பட்டறையில் எல்லோரும் மண்ணெண்ணெய் போட்டு மிஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூஜையன்று நான் போனபோது லேத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எங்கள் ஷாஃப்டுக்கும் தனியாக மூன்று பொட்டு.

பட்டறைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி கும்பிட்டாச்சுங்க தம்பி. மறுபூஜை போடாம மிசினத் தொடக் கூடாது. டர்னர் ஊருக்குப் போயிட்டாரு. திங்கக்கெழம வாங்க."

"வெள்ளிக்கெழம தேர்வுங்க! போச்சுன்னா ஆறு மாசம் காத்திருக்கோணும்!"

"பொரி எடுத்துக்குங்க" என்றார்.

அப்பா தறிக்குடோன் முழுக்க 'பையன் இஞ்சினீரு ஆயிட்டான்' என்று சொல்லி வைத்திருந்தார். பொரியைத் தின்னாமல் கையிலேயே கொண்டுபோனேன். ஹாஸ்டலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஆயிரும் என் கையிலிருந்த பொரியை வாங்கித் தின்றுகொண்டே, "ஆயிருமுங்க" என்றான். மறுநாள் விஜயதசமி. அவன் கட்டில் காலி.

"படுத்துத் தூங்கறதுக்கு வேற எடம் கண்டுபிடிச்சிருப்பான்டா" என்றான் யூசுப்.

இப்போது தேர்வு அறைக்கு வருவோம். தேர்வாளர் என் சார்ட்டை ரசித்துப் பார்த்தார். "திட்டம் பிரமாதம். மிஷின் எங்கே?" என்றார்.

"வந்துட்டிருக்குங்க சார்" என்றான் யூசுப். பிறகு என் காதில், "உன்ற சார்ட்டச் சுத்திக் கடலைய ஒடச்சுக் காமிச்சரலாமாடா?" என்றான்.

மற்ற குழுக்கள் எல்லாம் முடிந்து, தேர்வாளர் பேனாவை மூடும்போது வாசலில் "உள்ள வரலாமுங்களா?" என்ற குரல். ஆயிரும். முந்தாநாள் போட்டிருந்த அதே சட்டை. பல்லடம் போய், டர்னரை விருந்துச் சோற்றிலிருந்து எழுப்பி, அவர் வீட்டிலேயே தங்கி, விடிந்ததும் கையோடு கூட்டி வந்திருக்கிறான். மறுபூஜை போட்டு முதல் வேலையாக எங்கள் ஷாஃப்ட். காதுகுத்துக்கு வந்து பந்தியில் பரிமாறிய பையன் கேட்டால் டர்னர் எப்படி மறுப்பார்?

ஷாஃப்டின் நுனியில் சந்தனம் அப்படியே இருந்தது. தேர்வாளர் அதைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஷாஃப்டை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினோம். கடலை உடைந்து விழுந்தது. அவர் நாலு பருப்பு எடுத்து மென்றுவிட்டு, "நேரத்தை எப்படித் திட்டமிட்டீங்க?" என்று ஆயிருமைக் கேட்டார்.

"திட்டமெல்லாம் இவருதானுங்க. நாஞ் சும்மா கூட வந்தேன்" என்று என்னைக் காட்டினான்.

பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான், பாவி.

சார்ட்டின் கடைசிக் கட்டத்தில் 'எதிர்பாராத செலவு, முந்நூறு ரூபாய்' என்று ஒதுக்கியிருந்தேன். அன்று மத்தியானம் கணக்கு கேட்டேன். தேங்காய், பழம், கற்பூரம், பூ, பொரி, கற்பூரம் என்று விரல் விட்டுச் சொன்னான்.

"கற்பூரத்த ரெண்டு தடவ சொல்றயேடா?"

"ஒண்ணு மிசினுக்குங்க. நீங்க அங்க பயந்துக்கிட்டு நிப்பீங்களேன்னு உங்க பேரச் சொல்லி இன்னொண்ணு பொருத்துனேன்."

ஆக மொத்தம் இருபத்திரண்டு ரூபாய். அதில் ஒரு ரூபாய் எனக்காக எரிந்தது.