மூச்சய்யாவின் பலூன்

ஆஸ்துமாவுக்கு இனி உலகத்தில் வேலை இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நாற்காலிக் கடையின் மேல்மாடியில், தொட்டே ஆஸ்துமாவை விரட்டுவதாகச் சொல்லும் மூச்சய்யா வந்து இறங்கியிருந்தார். மாடிப்படியில் தொடங்கிய வரிசை பக்கத்து மருந்துக் கடை வாசலையும் அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் வழிவிடச் சொன்ன மருந்துக் கடைக்காரரை யாரும் சட்டை செய்யவில்லை.

அந்த வரிசையில் எட்டு வயது மகளோடு ஒரு லிஃப்ட் மெக்கானிக் நின்றிருந்தான். தொழிலில் அவன் சந்தேகப் பிராணி. பழுது பார்த்த லிஃப்டைக் காலியாக மூன்று தடவை ஏற்றி இறக்காமல் ஒரு பூனையைக்கூட உள்ளே விடமாட்டான். மகள் விஷயத்தில் மட்டும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டான். காலையும் மாலையும் இன்ஹேலர் எடுத்து அவள் ஆறு மாதமாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அதுதான் அவனை உறுத்தியது. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு மருந்து எதற்கு? பழகிப்போனால் ஆயுசுக்கும் விடாதே? போன வாரம் நிறுத்திவிட்டான். இரண்டு நாளாக அவள் இருமுகிறாள். இருமல் வந்தால் நோய் மூட்டை கட்டுகிறது என்று மூச்சய்யாவின் நோட்டீஸில் அச்சடித்திருந்தது. அச்சில் வந்தது பொய்யாகுமா?

மாடி வாசலில் ஒரு வாளி. உள்ளே போகிறவர்கள் இன்ஹேலரை அதில் போட்டுவிட வேண்டும். அது பக்கத்தில் இருந்தால் மூச்சய்யாவின் சக்தி இறங்காதாம். அவ்வளவு பெரிய சக்திக்கு இத்தனூண்டு டப்பாவைக் கண்டு பயம், பாவம். மெக்கானிக்கும், திடீரென இழுப்பு வந்தால் கொடுக்க வைத்திருந்த மகளின் அவசர இன்ஹேலரை வாளியில் போட்டான்.

உள்ளே அவனுடைய அக்கா ஏணியில் நின்று பலூன் வளைவு கட்டிக்கொண்டிருந்தாள். விழாக்களுக்குப் பலூன் அலங்காரம் செய்வது அவள் பிழைப்பு. ஆயிரமாவது ஆள் குணமாகும் கொண்டாட்டத்துக்காக மூச்சய்யாவே கூப்பிட்டிருந்தார். தம்பி அவளைப் பார்க்காதவன்போல் திரும்பிக்கொண்டான்.

வைத்தியம் எளிது. ஆளுக்கொரு புதுப் பலூன். முக்கி முக்கி ஊதினால் எலுமிச்சம்பழ அளவுதான் வரும். மூச்சய்யா நெஞ்சில் கட்டைவிரலை அழுத்திக் காதில் ஏதோ முணுமுணுப்பார். மறுபடி ஊதினால் தேங்காய் அளவு. கைதட்டல் கூரையைப் பிளக்கும். பலூனை மட்டும் மாற்றக் கூடாது. அவரவர் மூச்சு பட்ட பலூனில்தான் பலிக்குமாம்.

மகளும் ஊதினாள், அழுத்தப்பட்டாள், மறுபடி ஊதினாள். பலூன் பெரிதானது. மெக்கானிக்குக் கண் கலங்கியது. அடுத்த நிமிடம் அவள் குனிந்து உட்கார்ந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது, நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"நோய் கிளம்புது. சத்தம் போட்டுத்தான் போகும்" என்றார் மூச்சய்யா.

அதையும் அவன் ஒரு கணம் நம்பினான். வெட்கக்கேடுதான், ஆனால் நம்பினான்.

அக்கா ஏணியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினாள். வாளியைத் தரையில் கொட்டிப் பிள்ளையின் பெயர் ஒட்டிய இன்ஹேலரைத் தேடி எடுத்தாள். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, தம்பியின் பையில் கிடந்த, மருந்தை உள்ளிழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாயில் அதை மாட்டி, ஒவ்வொரு அழுத்தாகக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் விசில் அடங்கியது. பிள்ளை தண்ணீர் கேட்டாள்.

"பார்த்தீங்களா, கட்டைவிரல் வேலை செஞ்சிருச்சு" என்றார் மூச்சய்யா. கூட்டம் அதற்கும் கைதட்டியது. இனி இன்ஹேலரைத் தொடுவதில்லை என்ற உறுதிமொழித் தாளை மெக்கானிக்கிடம் நீட்டினார். அவன் பேனாவைத் திறந்தான்.

"லிஃப்டை மூணு தடவை சோதிக்கிறவன், இவரை ஒரு தடவை சோதிக்கக் கூடாதாடா?" என்றாள் அக்கா.

ஒரு புதுப் பலூனை எடுத்துக் கையால் ஆறேழு தடவை நன்றாக இழுத்துவிட்டாள். வரிசையில் முதலில் நின்ற தபால்காரரிடம் கொடுத்தாள். ஒரே மூச்சில் அது பப்பாளி அளவு வந்தது.

"உங்களை யாராவது தொட்டாங்களா?"

"என் டோக்கனையே இன்னும் கூப்பிடலம்மா."

சற்றுமுன் குணமாகிவிட்டதாகக் கண்ணீர் விட்ட ஒரு டீச்சரிடம் இழுக்காத புதுப் பலூன் ஒன்றைக் கொடுத்தாள். டீச்சரின் கன்னம்தான் உப்பியது. பலூன் எலுமிச்சம்பழத்தில் நின்றுவிட்டது.

"புது ரப்பர் விறைப்பா இருக்கும். ஒரு தடவை ஊதிட்டா தளர்ந்துடும். இங்க குணமானது பலூன் மட்டும்தான்."

டீச்சருக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று மூச்சய்யா ஆரம்பித்தார். கேட்க ஆளில்லை. ஊரே தரையில் மண்டியிட்டு அவரவர் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலில் ஐயா பின்படி வழியாக இறங்கிவிட்டார். ஓட்டத்தில் அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

"நல்லாத்தானே இருக்கான்னு நிறுத்தினேன்கா" என்றான் தம்பி.

"அதை எடுத்ததாலதாண்டா நல்லா இருந்தா. கிளம்பு, டாக்டர்கிட்ட போய் நிறுத்தினதை மறைக்காம சொல்லு."

அவன் தாளைக் கிழித்துப்போட்டு மகளைத் தூக்கிக்கொண்டான். அப்போது ஒரு பெரியவர் அக்காவிடம் வந்து, பலூன் பொய்யாகவே இருக்கட்டும், அந்தக் கட்டைவிரலில் கொஞ்சமாவது உண்மை இருக்குமல்லவா என்று ரகசியமாகக் கேட்டார்.

இருமல் வந்த பிறகு எடுப்பது அவசர மருந்து. வராமல் இருக்க எடுப்பது தினசரி மருந்து. ஐயாமாரே, சந்தேகமும் அந்த இரண்டாவது வகை மருந்துதான். நன்றாக இருக்கிற நாளிலும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.